சூட்டில் ஸ்டார்ட் ஆகிற வண்டி

முதல் தொடுதலிலேயே இன்ஜின் உறுமியது. நீவெஸுக்கு அதுதான் இடித்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஓஸ்வால்டோ, தன் பிள்ளை மேடையில் பாடுவதைக் கேட்கும் அப்பாவைப் போல, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். மேஜை மேல் ஸ்டார்ட்டர் பெட்டி. அதன் மேல் முழங்கை நீளத்துக்கு, நைட்ரோ எரிபொருள் ஊற்றி ரிமோட்டில் ஓட்டும் ஒரு பந்தய பக்கி. சிவப்பு மேல்மூடி, அதில் தங்கப் பாம்பு. நான்கு சக்கரமும் காற்றில் சுற்ற, சைலன்ஸர் வழியாக விளக்கெண்ணெய் வாசனையோடு நீலப் புகை வந்தது.

"கேட்டியா நீவெஸ்? தொட்டதும் பாடுது. உன் கை பட்டா இன்னும் நல்லாப் பாடும்."

சொல்லிக்கொண்டே சைலன்ஸரின் வாயில் துணியை வைத்து அழுத்தினான். சத்தம் செத்தது.

"ஏன் நிறுத்தினே?"

"கேட்டாச்சுல்ல?"

"நான் கேக்க ஆரம்பிக்கவே இல்லையே."

நீவெஸ் திரும்பிப் பார்த்தாள். பந்தய ஞாயிறுகளில் பழைய வண்டிகள் விற்கும் மேஜை வரிசை அது. பின்னால் சோள வயல், வயலுக்குப் பின்னால் பன்றிப் பண்ணை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் காபியில்கூட அந்த நாற்றம் இருக்கும். எதிரே களிமண் ஓடுதளம், அதன் ஓரத்தில் ஓட்டுநர்கள் ஏறி நிற்கும் மரமேடை. பெயர் கொடுக்கும் நேரம் முடியப்போகிறது. அதற்குள் அவளுக்கு ஒரு வண்டி வேண்டும்.

வேண்டும் என்றால், வேண்டும்தான். காலையில் கேட்டிலேயே கிளப்பின் செயலாளர் மார்ஸியா அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"உன் பேர் இவானோ கார்டுல இருந்தது, குடும்பத்தார்னு. அவன் எடுத்துட்டான். புது உறுப்பினர் இந்த வருஷம் கிடையாது. ஓட்டுநர் கார்டு ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. இன்னிக்கு உனக்கு ரெண்டு ஓட்டம். சொந்த வண்டி. எதுலயாவது ஒண்ணுல கடைசி வரைக்கும் ஓட்டி கொடி வாங்கு, கார்டு உனக்கு. வாங்கலன்னா அடுத்த ஞாயிறு வேலிக்கு வெளியில நின்னுதான் பாக்கணும். மூஞ்சியத் தூக்காதே, கமிட்டி முடிவு."

வேலிக்கு வெளியில். இந்தத் தளத்தின் ஒவ்வொரு மேடும் அவளுக்குக் காலால் தெரியும். வருஷக்கணக்காக இவானோவோடு வாழ்ந்தாள், பந்தயத்தில் அவன் மெக்கானிக்காக நின்றாள். பந்தயத்தின் நடுவில், எரிபொருள் தீருவதற்குள் மெக்கானிக் கூப்பிட, வண்டி மேடைக்குக் கீழே உள்ள பிட்டுக்குள் வரும். குனிந்து, தூக்கி, மூடியைத் திறந்து, பாட்டிலை அழுத்தி, மூடி, கீழே விட வேண்டும். கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடுவாள். பிரெஷியா மாவட்டத்திலேயே அவளைவிட வேகமான கை இல்லை என்று எதிரிகளே சொல்வார்கள்.

போன இலையுதிர் காலம் வரை சொன்னார்கள்.

அன்றைக்கு இறுதிப் பந்தயம். இவானோ முதலிடத்தில். டாங்க் காய்ந்து வண்டி எல்லார் கண்ணெதிரிலும் நின்றது. மேடையிலிருந்து இவானோ கத்தினான்: "கூப்பிட மறந்துட்டா!" மார்ஸியாவின் மைக் அதைப் பிடித்து ஊருக்கே சொன்னது. அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும். குளிர்காலத்தில் இருவரும் பிரிந்தார்கள். காரணம் அது மட்டுமில்லை. ஆனால் அதற்கப்புறம் மற்ற காரணங்கள் எல்லாம் வரிசையில் நின்று வெளியே வந்தன.

குளிர் முழுக்க அவள் வேலை பார்க்கும் சூப்பர்மார்க்கெட்டின் காலி பார்க்கிங்கில் ஒரு பேட்டரி வண்டியை ஓட்டிப் பழகினாள். இந்த கிளப்பில் பேட்டரி வண்டிக்குப் பெயர் பொம்மை. நைட்ரோதான் வண்டி.

"சரி, எடுத்துக்கோ. பழகின ஆளுக்குன்னு விலை" என்றான் ஓஸ்வால்டோ.

நீவெஸ் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தாள். டாங்க் மூடி திறந்ததும் நிரம்பியதும் மூடியதும் ஒரே அசைவாக நடந்தது.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணு. ஓட்டிப் பாக்கணும்."

"இந்த வரிசையில ஓட்டக் கூடாது. சத்தம் வரும்."

"சத்தம் வராத நைட்ரோவை எங்கடா பார்த்தே? கொடு இப்படி."

வரிசைக்குப் பின்னால் சரளை மண்ணில் ஓட்டினாள். போனது, வந்தது. போனது, வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் கையில் ரொட்டியும் பொரித்த சலாமெல்லா சாஸேஜுமாக வேடிக்கை பார்த்தார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஓஸ்வால்டோ மட்டும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி டாங்க் தீர்ந்ததும் நிறுத்தி, விரல் நுனியில் எச்சில் தொட்டு இன்ஜின் தலையில் வைத்தாள். சுரீர் என்றது.

"இப்போ ஸ்டார்ட் பண்ணு."

ஓஸ்வால்டோ பெட்டி மேல் வைத்து அழுத்தினான். பெட்டியின் மோட்டார் சுற்றியது. இன்ஜின் சும்மா இருந்தது. மறுபடி. மறுபடி.

"பிளக் போயிருக்கும்."

"மாத்து."

மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. நீவெஸ் ஃப்ளைவீலை விரலால் திருப்பினாள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது விரலை ஒரு அழுத்தம் எதிர்க்க வேண்டும். எதிர்க்கவில்லை. தயிரில் கரண்டி சுற்றுவது போலச் சுற்றியது.

"சிலிண்டர் தேஞ்சு போச்சு. ஆறினா பாடுவான், சூடானா பொணம். இதை ஓட்டியிருந்தா முதல் தடவை நின்ன இடத்துலயே எனக்கு சங்கு."

பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர், "ஓஸ்வால்டோ, உன்னை மாதிரியே இருக்குப்பா வண்டி!" என்றார். வரிசையே சிரித்தது.

"இவானோ சொல்லித்தானே என்கிட்ட விக்க வந்தே?"

"சத்தியமா இல்ல. அவனுக்கு இது தெரியவே தெரியாது. யாராவது வாங்கினா சரின்னு வெச்சிருந்தேன், நீ வந்து நின்னே" என்றான் ஓஸ்வால்டோ. முகம் மேல்மூடியின் நிறத்துக்கு வந்திருந்தது.

நம்பினாள். அவ்வளவு யோசிக்கும் ஆள் இல்லை அவன்.

வரிசையின் கடைசி மேஜையில் ஜஸ்பால் உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பால் பண்ணையில் கறவைக்காரன். நீலத் தலைப்பாகை, ரப்பர் பூட்ஸ். முன்னால் இருந்த பக்கியைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. மேல்மூடியை பார்சல் டேப் போட்டு ஒட்டியிருந்தான். நிறம் என்று ஒன்று ஒரு காலத்தில் இருந்திருக்கலாம்.

நீவெஸ் ஃப்ளைவீலைத் திருப்பினாள். பாதியில் நின்றது. பலம் கொடுத்தாள். நகரவில்லை.

"ஜாம் ஆயிருக்கு."

"வர்றவங்க எல்லாம் அதைத்தான் சொல்லிட்டுப் போறாங்க சிஞ்ஞோரா" என்றான் ஜஸ்பால். அவன் பேசிய இத்தாலிய மொழியில் பிரெஷியாக்காரர்களின் இழுவை அப்படியே இருந்தது. "வண்டிதான் கிழவி. இன்ஜின் புதுசு. குளிர்காலத்துல வாங்கினேன், ரெண்டு மூணு டாங்க்தான் ஓட்டியிருக்கேன். குளிர்ல இறுக்கமாத்தான் இருக்கும்னு பெட்டிக்குள்ள இருந்த தாள்ல போட்டிருந்தது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் விக்கிறே?"

"மாடுங்ககிட்ட கேளுங்க. ஞாயித்துக்கிழமை மதியக் கறவை என் தலையில விழுந்துடுச்சு. அதுங்களுக்கு பந்தயம் கிந்தயம் எதுவும் தெரியாது."

நீவெஸ் விரலைத் தேய்த்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு அரிப்பு. புது இறுக்கமா, துருப்பிடித்த இறுக்கமா? அவளால் சொல்ல முடியவில்லை. ஆறிய இன்ஜினை எழுப்புவது எப்போதும் இவானோவின் வேலை. மேஜையில் என்ன செய்வான் என்று அவள் பார்த்ததே இல்லை. அவள் கைக்கு வரும்போதெல்லாம் வண்டி சூடாகத்தான் வரும். வருஷக்கணக்காக ஒரு ஆளைப் பகலில் மட்டுமே பார்த்துவிட்டு, முழுசாகத் தெரியும் என்று நினைத்த கதை.

ஒலிபெருக்கியில் மார்ஸியா: "பேர் கொடுக்காதவங்க சீக்கிரம் வாங்க. மூடப்போறேன். அப்புறம் அழுதா நான் பொறுப்பில்ல."

"சூடாக்கிக் காட்டு" என்றாள் நீவெஸ்.

ஜஸ்பால் பைக்குள்ளிருந்து ஒரு ரோஸ் நிற ஹேர் டிரையரை எடுத்தான்.

"என் வீட்டுக்காரியோடது. ஈரத் தலையோட குருத்வாராவுக்குப் போயிருக்கா. சாயங்காலம் எனக்கு இருக்கு."

இன்ஜின் தலை மேல் சூடான காற்று அடித்தது. நீவெஸ் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். பிறகு விரல் வைத்துத் திருப்பினாள். உச்சியில் பிஸ்டன் கெட்டியாகப் பிடித்தது. பிடித்துவிட்டு, டக்கென்று தாண்டியது. பெட்டி மேல் வைத்து அழுத்தினார்கள். இருமியது, புகைந்தது, எழுந்தது. சரளையில் அதே போக்குவரத்து. அதே எச்சில், அதே சுரீர். நிறுத்தினாள்.

"இப்போ."

ஜஸ்பால் பெட்டியில் வைத்தான். ஃப்ளைவீல் பெட்டியின் சக்கரத்தைத் தொட்டதும் இன்ஜின் பற்றிக்கொண்டது.

"எனக்கு இதுதான் வேணும்."

"அழகா இல்லையேன்னு பின்னாடி சொல்லக் கூடாது."

"அழகா இருந்தவனைப் பார்த்தாச்சு. இன்னிக்கு என் மெக்கானிக் நீதான். மெக்கானிக் இல்லாம வண்டியை இறக்க விட மாட்டாங்க."

"முதல் ஓட்டம் வரைக்கும் சரி. ரெண்டாவதுக்கு நான் மாட்டுக்கு அடியில இருப்பேன்."

முதல் ஓட்டம் போதும் என்று நினைத்தாள். ஒன்றில் கொடி வாங்கினால் போதுமே.

பேர் கொடுத்துவிட்டு, ரிமோட்டோடு மேடையில் ஏறினாள். இத்தனை வருஷமும் மேடைக்கு நேர் கீழே, பிட் பாதையில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறாள். மேலே நின்றதில்லை. பலகை இடுக்கு வழியாகக் கீழே ஜஸ்பாலின் நீலத் தலைப்பாகை தெரிந்தது.

தளத்தில் மார்ஷல்கள் அவரவர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே அது சட்டம்: ஒரு ஓட்டத்தில் ஓட்டியவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷல். கவிழ்ந்த வண்டியை ஓடிப் போய் நிமிர்த்த வேண்டும், நின்ற வண்டியைப் பிட்டுக்குத் தூக்கி வர வேண்டும். போகாதவனின் ஓட்டக் கணக்கே அடிபட்டுப் போகும். நீவெஸின் ஓட்டத்துக்கு முந்தின ஓட்டத்தில் ஓட்டியவர்களில் ஒருவன் ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொண்டு நேராகப் பெரிய ஜம்ப்புக்குப் போனான்.

இவானோ.

புதுசாக ஓட்டுகிறவர்கள் கவிழ்வது அந்த ஜம்ப்பில்தான்.

"பத்து!" என்றது மைக். ஒன்பது, எட்டு சொல்லும் வழக்கமெல்லாம் இல்லை. கொஞ்சம் அமைதி, அப்புறம் ஹாரன். வண்டிகள் பாய்ந்தன.

முதல் சுற்றிலேயே கவிழ்ந்தாள். அதே ஜம்ப்பில். வண்டி மல்லாந்து, சக்கரம் வானத்தைப் பிராண்டியது. "மார்ஷல்!" என்று கத்த வாயைத் திறப்பதற்குள் இவானோ ஓடி வந்து நிமிர்த்திவிட்டு விலகினான். மேடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தத் திரும்பாமைக்காக அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கை நேரானது.

ஜஸ்பாலும் அவளும் பேசித்தான் எரிபொருள் கலவையைத் தாராளமாக வைத்திருந்தார்கள். புது இன்ஜின், காய விடக் கூடாது. அதனால் புகை அதிகம், வேகம் குறைவு, குடியும் அதிகம். மற்றவர்களைவிடச் சீக்கிரம் நிரப்ப வேண்டும். ஜஸ்பால் கூப்பிடுவான். அவள் உள்ளே போவாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

சுற்றுகள் போயின. முன்னால் ஒரு பச்சை வண்டி. அதை ஓட்டுகிறவன் மேடையில் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு வளைவிலும் தன் அம்மாவை இழுத்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பச்சையின் பின்சக்கரம் நெருங்கியது. நெருங்கியது. அவள் இன்ஜின் திடீரென்று கூர்மையாகப் பாட ஆரம்பித்தது. ஆஹா, வேகம்! ஒரு வளைவு, இன்னொரு வளைவு, பச்சைக்குப் பக்கவாட்டில்.

பட்டென்று சத்தம் நின்றது.

வண்டி பெரிய ஜம்ப்புக்கு அந்தப் பக்கம், தளத்தின் கடைக்கோடியில், சும்மா உருண்டு நின்றது.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் கூர்மையான பாட்டு அவளுக்குத் தெரிந்த பாட்டு. டாங்க் காயும்போது இன்ஜின் பாடும் பாட்டு. கீழே நின்று எத்தனையோ தடவை கேட்டுப் பதறியிருக்கிறாள். மேலே நின்று கேட்டால் அது வேகம் மாதிரி இருக்கிறது.

குனிந்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஜஸ்பால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கூப்பிட்டிருக்கிறான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இறங்கி ஓடினாள். அவள் பிட்டுக்கு வந்தபோது, தளத்தின் அந்தக் கோடியிலிருந்து இவானோ அவள் வண்டியைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான். மேடையிலும் வேலியிலும் இருந்த எல்லாக் கண்ணும் அவன் மேல். டாங்க் காய்ந்த வண்டியை இவானோ தூக்கி வருகிறான், அதுவும் நீவெஸின் வண்டியை. வேலிப் பக்கமிருந்து ஒருவன் விசிலடித்தான்.

இவானோ வண்டியை ஜஸ்பால் முன்னால் வைத்தான். ஜஸ்பால் நிரப்பினான், பெட்டியில் அழுத்தினான். உடனே பிடித்தது. அதே நேரம் ஹாரன் ஊதியது. ஓட்டம் முடிந்தது. கொடி அசைந்தது, வேறு யாருக்கோ.

"சிஞ்ஞோரா, நான் கத்தினேன்" என்றான் ஜஸ்பால். குரல் கம்மியிருந்தது. "சாமி சத்தியமா கத்தினேன்."

"நீ கத்தினே. எனக்குக் கேக்கல. தப்பு என்னோடது."

மேலே நின்ற பச்சை வண்டிக்காரன் வரை கேட்கிற மாதிரிதான் சொன்னாள். இவானோ இன்னும் அங்கேயே நின்றான். துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

ஜஸ்பாலின் ஃபோன் அடித்தது. எடுக்காமலே, "மாடு" என்றான். ஹேர் டிரையரைப் பையில் திணித்துக்கொண்டு சைக்கிளை நோக்கி ஓடியவன், பாதியில் திரும்பி, "மேஜை இருக்கட்டும்! ஜெயிச்சுட்டு மடிச்சு வைங்க!" என்று கத்திவிட்டுப் போனான்.

தன் மார்ஷல் முறையை முடித்துவிட்டு வந்து நீவெஸ் சிமெண்ட் சுவரில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு ஓட்டம். மெக்கானிக் இல்லை. வரிசையில் ஒவ்வொருவராக மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் இவானோவின் நண்பர்கள். வர மாட்டார்கள் என்றில்லை. வருவதற்கு முன்னால் இவானோவின் முகத்தைப் பார்ப்பார்கள். அது வேண்டாம்.

பக்கத்தில் ஒரு காபி வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே இவானோ.

"அன்னிக்கு எனக்கும் கேக்கல" என்றான்.

அவள் காபியைத் தொடவில்லை.

"மேல நின்னா காது வண்டி கூடவே ஓடிடுது. உனக்கு இப்போ தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சது. அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? கேக்கலன்னு. மூணு வார்த்தைகூட இல்ல."

"முதல் இடத்துல இருந்தேன் நீவெஸ். எல்லாரும் பார்த்தாங்க. வாயில வந்தது..."

"வாயில வந்தது நான்."

தளத்தில் தண்ணீர் வண்டி களிமண்ணை நனைத்துக்கொண்டு போனது. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"அடுத்ததுக்கு யாரு நிரப்புறா?" என்றான்.

"உனக்கென்ன?"

"நான் நிக்கிறேன்."

"உன் ஓட்டம் எனக்கு முன்னாடி. நீ மார்ஷல். போகலன்னா உன் கணக்கு போயிடும். இன்னிக்கு நீதான் எல்லாருக்கும் மேல இருக்கே."

"போகட்டும்."

நீவெஸ் அவனைப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறான். இவானோ அப்படித்தான், கொடுத்தால் ஒரேயடியாகக் கொடுப்பான், பிறகு வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசுவான்.

"உன் தியாகத்தை வீட்டுல வெச்சுக்கோ. அது எனக்கு வேண்டாம். உனக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாம்னு சட்டத்துல இருக்கு." திரும்பி மேஜை வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஓஸ்வால்டோ! இங்க வா!"

ஓஸ்வால்டோ சலாமெல்லாவை மென்றுகொண்டே வந்தான்.

"என் ஓட்டத்துக்கு இவானோவுக்குப் பதிலா நீ மார்ஷல். பெரிய ஜம்ப்பு."

"நானா? என் முட்டிக்கு ஆகாதும்மா. டாக்டர் ஓடக் கூடாதுன்னிருக்கார்."

"அந்தச் செத்த இன்ஜினைப் பத்தி மைக்ல சொல்லவா?"

ஓஸ்வால்டோ இவானோவைப் பார்த்தான். இவானோ ஓடுதளத்தைப் பார்த்தான். ஓஸ்வால்டோ ஆரஞ்சு மேலாடையை வாங்கிக்கொண்டான். பொத்தான் போடவில்லை, போடவும் முடியாது.

"ஒரு விஷயம்" என்றாள் நீவெஸ். தளம் கூட்டும் துடைப்பத்தை எடுத்து இவானோவின் கையில் கொடுத்தாள். "கத்தாதே. நேரம் வந்ததும் இந்தக் கட்டையைப் பலகை இடுக்குல விட்டு என் ஷூவைத் தட்டு. காது ஓடிப் போனாலும் கால் இங்கதானே இருக்கும்."

இவானோ துடைப்பத்தைப் பார்த்தான். "இது அன்னிக்குத் தோணியிருந்தா..."

"அன்னிக்கு நான் கீழ இருந்தேன்."

இரண்டாவது ஓட்டம்.

கவிழவில்லை. ஜம்ப்பில் வேகத்தை விட்டுக்கொடுத்து, பூனை சுவர் தாண்டுவது போலத் தாண்டினாள். ஓஸ்வால்டோ அதற்குள் வேறு யாருடைய வண்டிக்காகவோ ஓடி, நிமிர்த்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கண் வண்டியை விடவில்லை. சுற்றுக்குச் சுற்று பச்சை வண்டி கிட்டே வந்தது. பக்கத்தில் திட்டுகிற குரல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மேடை இல்லை, வெயில் இல்லை, பன்றிப் பண்ணை நாற்றம்கூட இல்லை. ஒரு சிறு புகை வால் மட்டும் களிமண்ணில் ஓடியது. அதற்குள்தான் அவள் இருந்தாள்.

பச்சையின் பக்கவாட்டுக்கு வந்தாள். அடுத்த வளைவில் உள்பக்கம் இடம் இருக்கிறது. எடுக்கலாம்.

ஷூவில் ஏதோ இடித்தது.

இன்ஜின் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்று தாங்கும். தாங்கும் என்று அவள் விரல் சொன்னது, கண் சொன்னது. ஒரே ஒரு சுற்று, பச்சையைத் தாண்டிவிட்டு, அதற்கப்புறம். கீழே நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? ஆறின இன்ஜினோடு பழகினவன். தாராளக் கலவை எவ்வளவு குடிக்கும் என்று அவன் எண்ணியிருக்கிறானா?

மறுபடி இடித்தது. இந்தத் தடவை வலித்தது.

வளைவு வந்தது. உள்பக்கம் இடம் திறந்தது. நீவெஸ் பச்சையைப் போகவிட்டு, வண்டியைப் பிட் பாதைக்குள் திருப்பினாள்.

இடுக்கு வழியாகப் பார்த்தாள். இவானோ குனிந்தான், தூக்கினான். மூடியின் கொக்கி வழுக்கியது. இரண்டாம் தடவை திறந்தான். பாட்டில் குழாய் துளைக்கு வெளியே பீய்ச்சி அவன் சட்டைக் கை முழுக்க நனைந்தது. இரண்டு வண்டிகள் அவளைக் கடந்து போயின. மூன்றாவதும் போனது. பக்கத்தில் நின்றவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் வாய் வரை ஒரு வார்த்தை வந்தது. மைக்கே வெட்கப்படும் வார்த்தை. முழுங்கினாள். வண்டி கீழே இறங்கியதும் விரல் அழுத்தியது. புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது.

மீதி ஓட்டம் முழுக்க யாரையும் பிடிக்கவில்லை. யாரிடமும் இடிக்கவில்லை. கடைசிக்கு முந்தின ஆளாக, ஹாரனுக்குப் பிறகு, கொடிக்கு அடியில் அந்த டேப் ஒட்டிய கிழவி புகைந்துகொண்டே கடந்தாள்.

நீவெஸ் மேடையில் அப்படியே நின்றாள். ரிமோட்டைப் பிடித்த கை திறக்க மறுத்தது.

"பேசிட்டு நிக்காதீங்க!" என்றது ஒலிபெருக்கி. "இப்போ ஓட்டினவங்க எல்லாம் மார்ஷலுக்கு! நீவெஸ் ஸ்கால்வினி, உன்னைத்தான். கார்டு எங்கயும் ஓடிடாது, நான் எழுதிக்கிறேன். நீ முதல்ல ஜம்ப்புக்கு ஓடு, ஓஸ்வால்டோ அங்கயே உக்காந்துட்டான்!"

படியில் தடதடவென்று இறங்கினாள். கீழே இவானோ நனைந்த சட்டையோடு, துணியில் சுற்றின வண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"சிந்திட்டேன்."

"பார்த்தேன்."

"நீவெஸ், இதை எங்க வைக்கட்டும்?"

அவள் ஏற்கனவே தளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கத்தினாள்.

"ஆறுற வரைக்கும் கையிலயே வெச்சிரு!"